வால்ட் ஹென்லியின் கையெழுத்து

சேசு மரி சூசை துணை
வில்லாசேக்கா, 3 மார்ச் 1968

அன்புள்ள தம்பி அன்செல்மோவுக்கு,

அம்மாவும் நானும் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் அவள் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி இந்த வீட்டில் எல்லோரும் கேட்கிறோம். உனக்குப் போன மாதம் இருந்த இருமல் விட்டதா? ரோமில் பனி இல்லாமலே எப்படித்தான் இருமல் வருகிறதோ.

விஷயத்துக்கு வருகிறேன். பங்குச் சாமியார் செல்சோ, கோயில் உள்சுவரில் ஒரு கல் பதிக்கப் போகிறார். போருக்குப் போய்த் திரும்பாத நம் ஊர்ப் பிள்ளைகள் இருபத்துமூன்று பேரின் பெயர்கள் அதில் இருக்கும். நவம்பர் மூன்று, ஞாயிற்றுக்கிழமை திறப்பு. நம் தம்பி ரீனோவின் பெயருக்கு அம்மா ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள். செத்தவர்கள் வரிசையில் சேர்க்கக் கூடாதாம், கீழே 'காணாமற்போனவர்' என்று தனியாக வெட்ட வேண்டுமாம். பட்டாளத்துக் காகிதத்தில் அப்படித்தானே இருக்கிறது, ரஷ்யாவில் தோன் ஆற்றங்கரையில் காணவில்லை என்று. இருபத்தைந்து வருஷமாக அவள் உடுத்தும் கறுப்பு அப்பாவுக்கு மட்டும்தான். ரீனோவுக்கு இல்லை என்று கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவாள்.

திறப்பன்று பாட ஒரு பாட்டு வேண்டும். எனக்கு ரீனோவின் மெட்டைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. பட்டாளத்துக்குக் கிளம்புவதற்கு முந்தைய மத்தியானம் அப்பாவின் ஹார்மோனியத்தில் வாசித்தானே, அது. அம்மா மாவு ஆலைக்குப் போயிருந்தாள். நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். நீ ஜன்னலோரம் இசைக்கல்லூரிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். மூன்று தடவை வாசித்தான். ஓரிடத்தில் மேலே போகப்போகிறது என்று நாம் நினைக்கும்போது ஒரு மூச்சு நிறுத்திவிட்டுக் கீழே இறங்கும். அப்பா வாசற்படியில் நின்று கேட்டுவிட்டு, "இது நம்ம பாண்டு கோஷ்டிக்கு அடங்காதுடா"ன்னார். அப்பா யாரையும் அவ்வளவு புகழ்ந்து நான் கேட்டதில்லை, உன்னையும் சேர்த்துத்தான்.

யாரும் அதை எழுதி வைக்கவில்லை. எனக்குத் தொண்டை உண்டு, இசை எழுதத் தெரியாது. உனக்குத் தெரியும். நம் பாடகர் குழுவுக்கு ஏற்றாற்போல் எழுதிக் கொடு. பன்னிரண்டு பேர், அதில் நாலு பேர்தான் சுருதியில் நிற்பார்கள்.

இன்னொன்று. மறைமாவட்டத்திலிருந்து வருகிற சினிமாப் பட்டியலைக் கோயில் கதவில் ஒட்டுவது இப்போதும் நான்தான். எல்லோருக்கும் உகந்தவை, பெரியவர்களுக்கு மட்டும், விலக்கப்பட்டவை. நீ இசையமைக்கிற படங்கள் கடைசிப் பத்தியிலேயே குடியிருக்கின்றன. நூற்றுக்கு மேல் போட்டுவிட்டாய் என்கிறார்கள். நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. கதவில் ஒட்டுகிறவளே உள்ளே போய் உட்கார முடியுமா? மனத்தாங்கல் வேண்டாம்.

சேசுவுக்குப் புகழ். உருளைக்கிழங்கும் புகைபோட்ட பாலாடைக்கட்டியும் கொடுத்தனுப்ப ஆள் பார்க்கிறேன்.

உன் அக்கா
எர்மீனியா


ரோம், 20 மார்ச் 1968

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது, முதுகுவலி அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. அம்மாவின் முழங்காலுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன். தடவினால் குணமாகாவிட்டாலும் வாசனையாவது நன்றாயிருக்கும்.

இந்த மாதம் நாலு படம். ஒன்றில் குதிரை, ஒன்றில் கன்னியாஸ்திரீ, ஒன்றில் கொலை, ஒன்றில் மூன்றும். காலையில் படத்தொகுப்பு மேஜையில் கையில் நொடிக் கடிகாரத்தோடு உட்காருவேன். கதவு திறக்க நாலு நொடி, அவள் திரும்ப ஏழு நொடி, அவன் சாக இருபத்திரண்டு. மத்தியானம் வாத்தியக்காரர்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் எழுதி முடித்திருக்க வேண்டும். நேற்று ஒரு தயாரிப்பாளர் வந்து, "மேஸ்த்ரோ, போன படத்துல போட்டீங்களே, அதே மாதிரி வேணும். ஆனா அதுவா இருக்கக் கூடாது"ன்னார். இந்த ஒரு வாக்கியத்தில்தான் பன்னிரண்டு வருஷமாக என் அடுப்பு எரிகிறது.

ரீனோவின் மெட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். உண்மையைச் சொன்னால் எனக்கு அது ஞாபகமில்லை. பரீட்சைப் பயத்தில் காதில் எதுவும் ஏறவில்லை. ஈஸ்டருக்கு வரும்போது நீ பாடிக் காட்டு, பார்க்கலாம். இல்லாவிட்டால் சாமியாரிடம் பழைய பாட்டுகள் இருக்குமே, ஊர்க்காரர்களுக்கு அது போதும்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

அன்செல்மோ


சேசு மரி சூசை துணை
வில்லாசேக்கா, 15 மே 1968

தம்பி அன்செல்மோவுக்கு,

களிம்பு வந்தது. அம்மா நடக்கிறாள், அது களிம்பினால் அல்ல. நீ ஈஸ்டருக்கு வரவில்லை. ஆட்டுக்கால் வறுவலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அந்தக் கணக்கை இன்னொரு நாள் பார்த்துக்கொள்கிறேன். இன்றைக்கு எழுதக் கையே ஓடவில்லை. உட்கார்ந்துகொண்டு படி.

உனக்காகக் காத்திருந்தால் நவம்பர் வந்துவிடும் என்று, மெட்டை நானே பாடிப் பாடகர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். முதல் இரண்டு வரி பாடியதும் ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது வரி நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கசாப்புக்கடை இலாரியோ சீட்டியடித்துவிட்டான். நான் இன்னும் சொல்லியே தரவில்லை, அன்செல்மோ. மூச்சு நிறுத்துகிற இடத்தில் அவனும் நிறுத்தினான்.

எங்கே கேட்டாய் என்றேன். "இது சினிமாப் பாட்டாச்சே எர்மீனியா. நீ ஒட்டற பட்டியல்ல கடைசிப் பத்தியில இருக்குமே, அந்தப் படம்"னான். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். நான் விடவில்லை. முப்பது வருஷமாக வாசல் மிதிக்காத ஒயின் கடைக்கு அவனோடு போனேன். காசு போட்டால் பாடுகிற பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் போட்டான். முழுசாக அதுவேதான், ஒரு சுரம் பிசகவில்லை. எல்லோரும் பார்க்க நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

இசைத்தட்டில் ஒட்டியிருந்த சீட்டில் இசை: வால்ட் ஹென்லி என்று இருக்கிறது. யார் அது?

நான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். அந்த மெட்டை வாசித்தவன் ரீனோ. கேட்டவர்கள் அப்பா, நீ, நான். அப்பா போய்விட்டார். எனக்கு எழுதத் தெரியாது. உனக்கு ஞாபகமே இல்லை என்று மார்ச் இருபதாம் தேதி உன் கைப்படவே எழுதியிருக்கிறாய். அப்புறம் யார் மிச்சம்?

சிறைபிடித்தவர்கள் எங்கெங்கோ கொண்டுபோனார்கள், பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துக்கூடத் திரும்பினார்கள். பெயர் மாறியிருப்பது எனக்கு ஆச்சரியமில்லை. நம் சித்தப்பா மகன் பென்சில்வேனியாவில் க்ரைகெரோ என்ற குடும்பப் பெயரை வாயில் நுழையவில்லை என்று க்ரெய்க் ஆக்கிக்கொண்டானே.

அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும், முடியவில்லை. அவள் அழவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் இசைத்தட்டுப் பெட்டி இருக்கிறதே, அதே இசைத்தட்டை வாங்கி, அங்கே கூட்டிக்கொண்டு போ என்றாள். துணி துவைக்கும்போது நான் முனகி முனகி அவளுக்கும் அந்த மெட்டு பாடம். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "அவன்தான். வேற யாரு இப்படிப் பாதியில நிறுத்துவா"ன்னாள்.

நீ அந்தத் தொழிலிலேயே இருக்கிறாய். உனக்குத் தெரியாத ஆள் இருக்க முடியாது. அந்த மனிதனைக் கண்டுபிடி. வேறெதுவும் உன்னிடம் நான் கேட்கப்போவதில்லை.

எர்மீனியா


(அன்செல்மோவின் மேஜை இழுப்பறையில் இருந்தது, அஞ்சலில் சேர்க்கப்படவில்லை.)

ரோம், 22 மே 1968

அக்கா,

வால்ட் ஹென்லி நான்தான்.

போர் முடிந்து ரோமுக்கு வந்த புதிதில் ஒரு பெரிய இசையமைப்பாளருக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷம். எழுத்து என்னுடையது, பெயர் அவருடையது. அதில் எனக்கு வருத்தமில்லை, எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பிறகு ஐம்பத்தாறில் என் கைக்கே ஒரு படம் வந்தது. மூன்று நாள் அவகாசம். ஒரு பெண் மாடியில் துணி காயப்போடுவாள், எதிர்வீட்டு ஆண்கள் எல்லாம் ஜன்னலுக்கு வருவார்கள், அதற்கு ஒரு மெட்டு. இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் ரீனோவின் மெட்டு வந்தது. அது எனக்கு என்றைக்கும் மறக்கவில்லை, ஒரு நாள்கூட. பரீட்சைப் புத்தகத்தின் ஓரத்திலேயே அன்றைக்கே எழுதிவைத்துக்கொண்டவன் நான்.

திருடத் துணிந்த எனக்கு என் பெயரைப் போடத் துணிவில்லை. அமெரிக்கப் பெயர் போட்டால் படம் ஓடும் என்று தயாரிப்பாளர்கள் சொல்லிக்கொள்வார்கள், நானும் ஒன்று வைத்துக்கொண்டேன். அந்தப் படம் ஓடியது. அதே மாதிரி வேண்டும், ஆனால் அதுவாக இருக்கக் கூடாது என்று வந்தார்கள். வேகமாக்கிக் கொடுத்தேன், மெதுவாக்கிக் கொடுத்தேன், சீட்டியில், கிதாரில், பெண்கள் குரலில். பதினொரு படம். என் சொந்தப் பெயரில் நூற்றுமுப்பது இருக்கிறது, அதில் ஒன்றையும் யாரும் சீட்டியடிப்பதில்லை.

ஒன்று மட்டும் பார்த்துக்கொண்டேன். அந்த மெட்டை நீ கதவில் விலக்கி ஒட்டுகிற படங்களில் மட்டும் வைத்தேன். உன் காதுக்கு அது எட்டவே எட்டாது என்று. நல்ல படம் இரண்டு மூன்று தேடி வந்தபோதும் அந்த மெட்டைக் கேட்டார்கள் என்பதற்காகவே வேண்டாமென்றேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.


ரோம், 24 மே 1968

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கும் கை ஓடவில்லை. அம்மாவின் மனசை அதிகம் அலையவிடாதே. இருப்பது ஏழு சுரம். ஒன்றைப் போல இன்னொன்று வருவது எங்கள் தொழிலில் அன்றாடம் நடக்கிற காரியம். நீ இருபத்தாறு வருஷமாகப் பாடிக்கொண்டே இருந்ததில் உன் மெட்டுகூட மாறியிருக்கலாம்.

ஹென்லியை நான் நேரில் பார்த்ததில்லை. கலிபோர்னியாப் பக்கம் இருக்கிறார் என்று பேச்சு. விசாரிக்கிறேன். இரண்டு படம் முடியட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். களிம்பு தீர்ந்தால் எழுது.

அன்செல்மோ


சேசு மரி சூசை துணை
வில்லாசேக்கா, 2 ஜூன் 1968

தம்பிக்கு,

அம்மா பத்து வயது குறைந்தாற்போல இருக்கிறாள். சோளமாவுப் பொலெந்தாவைத் தானே கிளறுகிறாள், நான் கரண்டியைத் தொட்டால் கையைத் தட்டிவிடுகிறாள். நீ சுகமா?

கலிபோர்னியா என்று படித்ததும் அவள் முதலில் கேட்டது அங்கே வெயில் இருக்குமா என்றுதான். இருக்கும் என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார். "அப்ப சரி. அவனுக்குக் குளிர் ஆகாது"ன்னாள். அவனைப் போய் ரஷ்யப் பனிக்கு அனுப்பினார்கள்.

ஏழு சுரம் என்று எழுதியிருந்தாய். உருளைக்கிழங்கும் ஒன்றைப் போலத்தான் இன்னொன்று இருக்கிறது, அதற்காக எங்கள் தோட்டத்துக் கிழங்கு எனக்குத் தெரியாதா?

கல் வெட்டுகிற தித்தாவை அம்மா கூப்பிட்டு, ரீனோவின் பெயரை வெட்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "உயிரோட இருக்கறவன் பேரைக் கல்லுல வெட்டுவாங்களா?" அவன் கீழே அந்த இடத்தை வெறுமையாக விட்டுவைத்திருக்கிறான், எதற்கும் இருக்கட்டும் என்று நான்தான் ரகசியமாகச் சொன்னேன்.

முகவரி கிடைத்தவுடன் தந்தி அடி.

எர்மீனியா


(மிலானில் உள்ள இசைத்தட்டுக் கம்பெனி மூலமாக, திரு. வால்ட் ஹென்லிக்கு. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்.)

வில்லாசேக்கா, 30 ஜூன் 1968

ஐயா அவர்களுக்கு,

நான் சொல்றேன், என் மக எழுதறா. சொல்றபடியே எழுதணும்னு சொல்லியிருக்கேன்.

நீங்க நல்லா இருக்கணும். நீங்க என் பிள்ளை இல்லேன்னா, யாரோ வயசானவ உளறறான்னு இதைக் கிழிச்சுப் போட்டுடுங்க. ஆனா கிழிக்கறதுக்கு முன்னால 'இல்லை'ன்னு ஒரு வார்த்தை எழுதி அனுப்பிடுங்க. கோவிச்சுக்க மாட்டேன்.

நீ ரீனோவா இருந்தா பயப்படாதே. பட்டாளத்தை விட்டு ஓடினியா, அங்கேயே கல்யாணம் கட்டிக்கிட்டியா, பூசைக்குப் போறதை விட்டுட்டியா, ஒண்ணும் கேக்க மாட்டேன். சாமியார்கிட்டயும் சொல்ல மாட்டேன். வரவும் வேண்டாம், தூரம். இருக்கேன்னு மட்டும் எழுது.

எனக்கு எண்பத்தோரு வயசு ஆவுது. கடுதாசி கடல் தாண்டிப் போய் வர எட்டு வாரம்னு தபால்காரர் சொல்றார். எட்டு வாரம் இருப்பேன்.

மரியா க்ரைகெரோ


ரோம், 20 ஜூலை 1968

அன்புள்ள அக்கா,

இங்கே சூடு தாங்கவில்லை. வயலின்காரர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வாசிக்கிறார்கள். அம்மா மத்தியானத்தில் வெளியே போகாமல் பார்த்துக்கொள்.

ஹென்லி விஷயத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. ஊர் ஊராகச் சுற்றுகிறவர் என்கிறார்கள், முகவரி நிலையில்லையாம். கடிதம் கிடிதம் எழுதி அம்மாவை ஏங்க வைக்காதே. எழுதினாலும் அந்த மாதிரி ஆட்கள் படிக்கமாட்டார்கள்.

திறப்பு விழாவுக்கு நானே சொந்தமாக ஒரு பாட்டு எழுதியிருக்கிறேன், இத்துடன் வைத்திருக்கிறேன். நாலு பேர் சுருதியில் நின்றால் போதும், மற்ற எட்டுப் பேரை மறைத்துவிடும்.

அன்செல்மோ


வில்லாசேக்கா, 8 செப்டம்பர் 1968

அன்செல்மோ,

நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

உன் பாட்டு வந்தது. சாமியார் ஹார்மோனியத்தில் வாசித்துப் பார்த்துவிட்டு நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது என்றார். அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் ஐந்தாம் தேதி தபால்காரர் ஒப்புகை அட்டையைக் கொண்டுவந்தார். நாங்கள் ஹென்லிக்குப் பதிவுத் தபால் போட்டிருந்தோம், உனக்குச் சொல்லவில்லை. அட்டையில் பெற்றுக்கொண்டவர் இடத்தில் கையெழுத்து இருந்தது. அம்மா அதை வாங்கி ஏப்ரனில் துடைத்துவிட்டு, ஜெபப் புத்தகத்தில் வைத்துக்கொண்டாள். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி பதில்தான் பாக்கி என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

எட்டு வாரம் ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "கையெழுத்துப் போட்டிருக்கான். படிச்சிருக்கான். ஒரு வார்த்தை எழுத மனசு வரலை"ன்னாள். கண்ணில் தண்ணீர் இல்லை. சாயந்திர ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டி ஒரு பத்துமணி ஜெபம் ரீனோவுக்கென்று இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிவந்தோமே, அன்றைக்கு அந்த இடம் வந்ததும் அதைத் தாண்டிப் போய்விட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். "வேண்டாம். அவன் சௌக்கியமா இருக்கான்"ன்னாள்.

அதுவரை நான் அந்த அட்டையைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை, அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். பெயருக்கு அடியில் ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. எட்டு வயதிலிருந்து நீ அப்படித்தான் கையெழுத்துப் போடுகிறாய். ஸ்லேட்டை வீணாக்காதே என்று அப்பாவிடம் அதற்கு அடி வாங்கியிருக்கிறாய்.

நீ எதற்காக இப்படிச் செய்தாய் என்று இப்போது நான் கேட்கவில்லை. கேட்டால் நீ ஏதாவது அழகாக எழுதுவாய். ஒன்றே ஒன்று செய். இங்கே வந்து அம்மாவின் முன்னால் நின்று உன் வாயால் சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள், ரீனோவுக்குப் பரிந்து பேசுகிறேன் என்பாள். செத்துப்போனவன் மேல் அவள் கோபமாக இருக்கிறாள், அன்செல்மோ. அவனுக்குப் பதில் சொல்ல வாய் இல்லை. அவனை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ.

அவள் சாப்பாடு பாதியாகிவிட்டது. நான் நன்றாக இருக்கிறேன்.

எர்மீனியா


ரோம், 1 அக்டோபர் 1968

அன்புள்ள அக்கா,

மூன்று வாரம் உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ நினைத்தது சரி. மெட்டு ரீனோவுடையது, எடுத்தவன் நான்.

அந்த அட்டை விஷயத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒலிப்பதிவு நடுவில், மிலானிலிருந்து இங்கே திருப்பிவிட்ட தபாலோடு கம்பெனி ஆள் உள்ளே வந்து, "ஹென்லி துரைக்குப் பதிவுத் தபால். துரை இருக்காரா?"ன்னு கேட்டான். அது நான்தான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். முப்பது வாத்தியக்காரர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே போட்டேன். பன்னிரண்டு வருஷமாகப் போட்டுப் பழகிய கையெழுத்து, கை தானாகப் போய்விட்டது. உறையைத் திருப்பிய பிறகுதான் உன் எழுத்தைப் பார்த்தேன். அதற்குள் அட்டை போய்விட்டது.

'இல்லை' என்று ஒரு வார்த்தை எழுத உட்கார்ந்தேன். நாலு தடவை உட்கார்ந்தேன். ஹென்லியாக எழுதினால் இன்னொரு பொய், நானாக எழுதினால் அம்மா என்னை எப்படிப் பார்ப்பாள் என்று பயம். பத்து நாளில் ஒரு படம் முடிக்கிறவனால் ஒரு வார்த்தை முடிக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். நானே சொல்கிறேன். அதுவரை அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே.

அன்செல்மோ


தந்தி. ரோம், 11 அக்டோபர்

ஒலிப்பதிவு தள்ளிப்போனது. இருபதாம் தேதி நிச்சயம். அன்செல்மோ.


தந்தி. ரோம், 19 அக்டோபர்

தயாரிப்பாளர் விடவில்லை. இருபத்தொன்பது. அம்மாவுக்கு முத்தங்கள். அன்செல்மோ.


வில்லாசேக்கா, 10 நவம்பர் 1968

அன்செல்மோவுக்கு,

சுகமாக ரோம் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் அடக்கத்தன்று பெட்டியை நீ முன்னால் நின்று தூக்கினாய், மழையில் தொப்பியில்லாமல் நின்றாய். ஊரில் இன்னமும் அதைச் சொல்கிறார்கள். மறுநாள் காலை ரயிலுக்கு முன்னால் அடுக்களையில் என்னிடம் அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டாய். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை என்றேன். சொன்னாள். எழுதுகிறேன்.

உன் இரண்டாவது தந்தி வந்த மறுநாள் நானே அவளிடம் சொல்லிவிட்டேன். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். ஹென்லி என்று ஒருவன் இல்லை, அது அன்செல்மோ, அவன்தான் ரீனோவின் மெட்டை எடுத்துப் போட்டான், அட்டையில் இருப்பதும் அவன் கையெழுத்து, ரீனோ அந்தப் பனியிலேயே போய்விட்டான் அம்மா என்றேன். உன் அக்டோபர் கடிதத்தைப் படித்துக் காட்டினேன்.

முழுக்கக் கேட்டாள். பிறகு என் கன்னத்தைத் தட்டினாள். "நீ எப்பவும் ரீனோ பக்கம்தான். அவனைக் காப்பாத்தறதுக்காக ரெண்டு பேரும் சேர்ந்து கடுதாசி எழுதியிருக்கீங்க"ன்னாள். இல்லை என்று சத்தியம் செய்தேன். "அன்செல்மோவுக்கு அப்படி ஒரு மெட்டைத் திருடக்கூடத் தெரியாது. வெகுளி. மாசா மாசம் கடுதாசி போடறான், களிம்பு அனுப்பறான். தம்பி பண்ணின தப்பைத் தன் தலையில போட்டுக்கறான் பாரு. அதான் பிள்ளை"ன்னாள்.

அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. உன் வாயால் வந்திருந்தால் ஏறியிருக்கும். நீ அவளிடம் என்றைக்கும் பொய் சொன்னதில்லை என்று அவளுக்கு நம்பிக்கை.

அடுத்த நாள் தித்தாவைக் கூப்பிடச் சொன்னாள். கீழே விட்டுவைத்த வெற்றிடத்தை மூடி மெருகு போட்டுவிடச் சொன்னாள். அவன் தயங்கினான். "அவன் செத்தவனும் இல்லை, காணாமப் போனவனும் இல்லை. இருந்துக்கிட்டு வராதவன். மத்த பிள்ளைங்களோட அவன் பேரு இருந்தா அவங்க அம்மாமாருக்கு அவமானம்"னாள். சாமியாரும் வந்து பேசிப் பார்த்தார். பெற்றவள் விருப்பத்தை மீற அவருக்கும் மனமில்லை.

இருபத்தாறாம் தேதி காலை, இனி நாளில்லை என்று, அம்மாவுக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுத்தார்கள். எல்லோரையும் மன்னிக்கிறீர்களா என்று சாமியார் கேட்டார். எல்லோரையும் என்றாள். ரீனோவையுமா என்று நான் குனிந்து கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடியே, "அன்செல்மோகிட்டச் சொல்லு. எனக்கு அவன் ஒருத்தன் போதும்"னாள். அதுதான் கடைசி.

ஒரு படம் இருக்கிறது என்று நீ போய்விட்ட பிறகு, மூன்றாம் தேதி கல்லைத் திறந்தார்கள். இருபத்திரண்டு பெயர். கீழே பளபளவென்று வெறும் கல். பாடகர்கள் இறந்தோர் பூசைக்கு வழக்கமாகப் பாடுவதைப் பாடினார்கள். இலாரியோ பிறகு என்னிடம் வந்து, அந்தப் பாட்டு என்னவாயிற்று என்று தணிந்த குரலில் கேட்டான். அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டான். நான் அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஊருக்கே சொல்லிவிட்டு, மெருகு போட்ட இடத்தில் மறுபடியும் வெட்டச் சொல்லலாம். யாருக்குத் தெரியவேண்டுமோ அவள் மண்ணுக்குள் இருக்கிறாள். இனிமேல் சொல்லி என்ன?

நம் வீட்டில் எது நன்றாக இருந்தாலும் அதை ரீனோவுக்கு என்று எடுத்துவைப்பாள் அம்மா. உனக்கு அதில் சின்ன வயதிலேயே ஒரு வலி இருந்தது, எனக்குத் தெரியும். இப்போது எல்லாம் உனக்கே வந்துவிட்டது. மெட்டு, பெயர், அவளுடைய கடைசிப் பேச்சு. அவனுக்கு ஒரு பத்துமணி ஜெபம்கூட மிச்சமில்லை. அவன் இருபத்தோரு வயதில் பனியில் செத்தான், அதற்குப் பிறகு எந்தத் தப்பும் செய்யவில்லை.

மருந்துக்கடைக்காரர் இசைத்தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், நான் அதைப் போட்டுக் கேட்பதில்லை. வாயில் அந்த மெட்டு வந்தால் நிறுத்திக்கொள்கிறேன். நிறுத்தினால் அது மூச்சு விடுகிற அந்த இடத்திலேயே நிற்கிறது.

இனி இந்த வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டாம். தபால்காரர் வாசலில் நின்றால் நான் கதவைத் திறப்பதில்லை. ரீனோவுக்காகக் கறுப்பு உடுத்த ஆரம்பித்திருக்கிறேன். ஊர்க்காரர்கள் அதை அம்மாவுக்கென்று நினைக்கிறார்கள்.

எர்மீனியா